நடை கேட்டவர்

மாடியிலிருந்து ஷாஹீன் இறங்கி வரும் சத்தத்தில் இரண்டு காலடி கூடுதலாகக் கேட்டது. கலீலுல்லா டீ டம்ளரைக் கீழே வைத்தார். முல்லா வீதியில் இருந்த அந்த ஒடுக்கமான வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது வருஷமாகிறது. மகளின் காலடி அவர் காதுக்கு அத்துப்படி.

"காலு வலிக்குதாம்மா?"

"லேசா. காலையில ஓடுனா சரியாயிடும் அத்தா."

விடிந்தால் உப்பளம் மைதானத்தில் நானூறு மீட்டர் ஓட்டம். முதல் இரண்டு பேருக்குள் வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம். அதற்கு வேறு வழி அந்த வீட்டில் இல்லை.

மாலை மழை ஜன்னல் கம்பியில் வழிந்துகொண்டிருந்தது. காயாத துணியின் வாடையும் சமையலறையில் வதங்கும் வெங்காயத்தின் வாசனையும் கலந்த காற்றில், அடியோட்டமாக ஈர வைக்கோலும் தைலமும் குதிரை வியர்வையும் மணத்தன. அந்த வீட்டில் குதிரை நின்றதே இல்லை. கிண்டி குதிரைப் பந்தயத்தில் இருபது வருஷம் ஜாக்கியாக இருந்தவருக்கு மூக்கு ஏமாறாது. ஆனாலும் மூக்கைத்தான் குறை சொல்லிக்கொண்டார்.

"கொஞ்சம் நடந்து காட்டு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நொண்டலைக் கண் தவறவிட்டாலும் காது பிடித்துவிடும் என்பது குதிரைக்காரர்களின் கணக்கு. கட்டாந்தரையில் நடக்கவிட்டுக் கேட்பார்கள்.

ஷாஹீன் நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது மட்டும் தரையை அழுத்தாமல், பயந்து பயந்து விழுந்தது. முன்னங்கால். இடது.

கண்ணைத் திறந்தார். மகள் வெறுங்காலோடு நின்று சிரித்தாள். இரண்டே கால்கள்தான்.

"என்னங்க, கணுக்கால் வீங்கியிருக்கு. ஓட வேணாம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி ஜரினா, கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்று.

"சூடு ஏறுனா சரியாயிடும்" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் நாக்கு கசந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லேடி ஜாஸ்மின் என்ற பெண்குதிரையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. பந்தயம் தொடங்கும் கேட்டை நோக்கி அது ஓடிப் போகும்போதே கடிவாளம் வழியாக அதன் வலி அவர் கைக்கு வந்துவிட்டது. பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரிடம், "குதிரைக்குக் கால் சரியில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பந்தயத்திலிருந்து விலக்கியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. ஜெயிக்கும் குதிரை அது. கடைசி வளைவில் எலும்பு முறிந்தது. சாயங்காலத்துக்குள் ஊசி போட்டு அதன் கதையை முடித்தார்கள். ஜெயித்த பந்தயம் ஒன்றுகூட இன்று அவருக்கு ஞாபகமில்லை. அதன் கண் மட்டும் ஞாபகமிருக்கிறது, பாவம்.

காலையில் மைதானத்து மண் ஈரமாக இருந்தது. குதிரைக்குக் கட்டுவதுபோலவே பஞ்சு வைத்து, மகளின் கணுக்காலை இறுக்கிக் கட்டினார். மாத்திரை ஒன்று கொடுத்தார்.

"இப்ப வலியே தெரியல அத்தா."

பெண்கள் கோட்டில் குனிந்தார்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் நின்றார், நான்கு எட்டு வைத்தால் தொடும் தூரத்தில். இப்போதும் ஒரு வார்த்தைதான். கலீலுல்லா வாயைத் திறந்தார். கல்லூரி வாசலில் புத்தகத்தோடு நிற்கும் மகள் கண்ணுக்குள் வந்து போனாள். வைக்கோல் வாடை முகத்தில் அடித்தது.

வாயை மூடிக்கொண்டார்.

விசில்.

நூறு மீட்டரில் அவள்தான் முன்னால். இருநூறில் ஆறடி இடைவெளி. கடைசி வளைவில் ஒரு சத்தம். காய்ந்த முருங்கைக்கிளை ஒடிவதுபோல. பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷாஹீன் முதலாவதாக வந்தாள். கைதட்டினார்கள்.

அவள் நிற்கவில்லை.

கோட்டைத் தாண்டினாள். ஓடினாள். மற்ற பெண்கள் மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். ஆசிரியர் திரும்பத் திரும்ப விசிலடித்தார். கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது.

கட்டு அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. பஞ்சு சிவப்பு. கணுக்காலுக்குக் கீழே பாதம் பக்கவாட்டில் தொங்கியது. ஒவ்வொரு எட்டிலும் அது ஆடியது.

கலீலுல்லா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாதையின் நடுவில் போய் நின்றார். "நில்லும்மா. என் கண்ணு, நில்லு. அத்தா சொல்றேன்ல."

அவள் அவரைச் சுற்றி விலகினாள். முகத்தில் வலி இல்லை. மூச்சுக்கூட வாங்கவில்லை. சொன்னதைச் செய்து பழகிய பிள்ளையின் அடக்கமான முகம்.

"அத்தா, இன்னும் எவ்வளவு தூரம்?"

பதிலுக்குக் காத்திராமல், எலும்பின் முனையை ஈர மண்ணில் ஊன்றி ஊன்றி, அவள் அடுத்த வளைவில் திரும்பினாள்.