பழுப்பு நிறம் காணோம்!

உலக மக்களுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு! ஒரு காவலாளி கொல்லப்பட்டிருக்கிறார்!

பெயர்: பி53. இனம்: மரபணு. கெட்டுப்போன செல் பெருகாமல் பார்த்துக்கொள்வது வேலை. சடலத்தைத் தேட வேண்டிய இடம்... மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு ஸ்லைடு.

ஸ்லைடின் மேல் வெறும் எண். சொந்தக்காரி யாரென்று அந்த லேப்பில் ஒருத்திக்குத்தான் தெரியும். ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்கு!

அது அவளுடைய கட்டியிலிருந்து எடுத்த சின்னத் துண்டு.

கதவு திறந்தது.

லேப்பின் தலைமை டாக்டர். அவளுடைய அண்ணன். சுவர் கொள்ளாத பட்டங்கள்... தலைதான் குனியாது!

"இன்னுமா முடிக்கல? தள்ளு."

ஒரே பார்வை.

"பழுப்புச் சாயம் ஏறவே இல்ல. கெட்டுப்போன பி53 இருந்தா அடர்பழுப்பா அப்பியிருக்கும். பி53 நெகட்டிவ்! யாரா இருந்தாலும் பொழச்சுட்டாங்க. ரிப்போர்ட் போடு!"

பொழச்சுட்டாங்க...

வாயை மூடிக்கொண்டால் போதும். அண்ணன் கையெழுத்திலேயே நல்ல சேதி. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

அவளால் முடியவில்லை.

"அண்ணா... பக்கத்துல இருக்கிற நல்ல செல்லைப் பாரு."

"எனக்கே பாடமா?"

"பாருண்ணா!"

பார்த்தார். நல்ல செல்களில் அங்கங்கே லேசான பழுப்பு. காவலாளி உயிரோடு இருப்பதன் அடையாளம். கட்டியில்... பொட்டுகூட இல்லை!

"சாயம் ஒழுங்காத்தான் ஏறியிருக்கு. கட்டியிலதான் காவலுக்கு ஆளே இல்ல. செல்லோட வடிவத்தைப் பார்த்து ஏற்கெனவே சந்தேகம்தான்... இது கேன்சர்தாண்ணா."

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்... பாவம், யாரு?"

"நான்."

அவர் நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார்.

"பாப்பா..." என்றார். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். குரல் உடைந்தது.

"அப்புறம் அழலாம். இப்ப யோசி. அம்மா முப்பத்திரண்டு வயசுல போனாங்க. தம்பி பள்ளிக்கூடம் முடிக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டான். ரெண்டு பேருக்கும் கேன்சர். கொலைகாரன் வெளியிலேர்ந்து வரலண்ணா..."

"பரம்பரையா?!"

"இருக்கலாம். என் ரத்தத்துல உறுதியானா, அடுத்து உனக்கும் டெஸ்ட். உன் ரத்தத்தை இப்பவே எடுத்து வச்சுடுவோம். கையை நீட்டு." அவள் ஊசியை எடுத்தாள்.

அவர் கண்ணைத் துடைத்தார். சட்டைக் கையை மடித்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"இத்தனை வருஷமா ரத்தத்துலயே வாழ்றவன்டி நான். எனக்கென்ன பயம்!"

தொப்!

தலைமை டாக்டர் மயங்கித் தரையில் கிடந்தார்.

ஊசியின் மூடியை அவள் இன்னும் கழற்றவே இல்லை.