சுருட்டாத பாய்

சித்திரை வெயிலில் உப்பு ஜாடிக்குள் தண்ணீர் நின்றதை முதலில் பார்த்தவள் முத்துக்கனி. ஊரைச் சுற்றி உப்பளம், புருசன் தங்கதுரைக்குப் பலசரக்குக் கடை. அந்த வீட்டில் உப்பு கரைந்து கிடக்கிறதென்றால் மில்லர்புரத்தில் எங்கள் தெரு சிரிக்காதா? "ஈரக் கைய விட்டிருப்பா. காட்டுல போய் இருந்துட்டு வந்த கழுதைக்குக் கை துடைக்கவும் மறந்துபோச்சு" என்று மகளைத் திட்டிவிட்டுப் புது உப்பு போட்டாள். மறுநாள் அதுவும் தண்ணீர்.

மகள் ஜெயசெல்வி ஜாடியைக் கொல்லையில் கவிழ்த்தாள். பிறகு நேரே வந்து வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அதை இழுத்தும் பார்த்துக்கொண்டாள். கவிழ்த்த தண்ணீரில் உப்பு வாடையே இல்லை. இலை அழுகிய வாடைதான் இருந்தது.

அவளைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது கொஞ்சம்தான். இன்ஜினியரிங் முடித்தவள். வேலை தேடச் சொன்னால் தலைவலி வரும். தன்னார்வத் தொண்டு என்று போனில் ஒரு விளம்பரம் வந்ததும் தலைவலி போய்விட்டது, போர்னியோவுக்கு விமானம் ஏறிவிட்டாள். மழைக்காட்டுக்குள் ஆற்றோரம் ஒரு குடியிருப்பு, படகில்தான் போக முடியும். அங்கே பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தாள், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். அடித்த பெயிண்டைவிட எடுத்த படம் அதிகம். திரும்பி வந்தபோது தங்கதுரை அண்ணாச்சி தெருமுனையில் பிளக்ஸ் கட்டினார். 'மழைக்காட்டின் மகளே வருக!' அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் அவள் சிரிக்கிறாள், கீழே வரிசையாக மாமன் மச்சான் தலைகள். ஓரத்தில் ஒரு பெண்ணின் முகம் பாதியோடு வெட்டுப்பட்டிருக்கும். அது யாரென்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அவள் பெயர் லவாய். ஜெயசெல்வியைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள்.

சாயங்காலமானால் லவாய் பாயை விரித்து உட்காருவாள். பக்கத்தில் இடம் விட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் தட்டுவாள். தப், தப். வந்து உட்கார் என்று அர்த்தம். பாஷை தெரியாத நாட்களில் ஜெயசெல்விக்குப் புரிந்த முதல் பேச்சு அதுதான்.

கிளம்புகிற அன்று, கூட்டிப்போன அமைப்பின் ஆள் எல்லோரையும் நிறுத்தி எச்சரித்தான். போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், திரும்பி வருவேன் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னவர்கள் வரும்வரை இந்த ஊர்க்காரர்கள் பாயைச் சுருட்டமாட்டார்கள், கதவைச் சாத்தமாட்டார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் ஜெயசெல்வி முத்துக்கனி வளர்த்த பிள்ளை. சின்ன வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னதற்கு வாயிலேயே ஒரு அடி வாங்கியவள். செத்தவர்கள்தானே போவார்கள்? லவாயின் கையைப் பிடித்துக்கொண்டு, கற்றுவைத்திருந்த அரைகுறைப் பாஷையில் 'போயிட்டு வாரேன்' என்றாள்.

லவாய் சிரிக்கவில்லை. வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாயை விரித்தாள். ஜெயசெல்வி படகில் உட்கார்ந்து எந்தப் படத்தைப் போடலாம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் அந்த அமைப்பின் ஆளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஆறு பெருகியது, ஊரே மேட்டுக்கு ஏறியது. லவாய் வரவில்லையாம். கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லையாம். அந்தப் பெண் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், நான் எப்படிக் கதவைச் சாத்திவிட்டு வருவேன் என்றாளாம். வீட்டோடு போய்விட்டாள், உடல் கிடைக்கவில்லை. ஜெயசெல்வி பதிலுக்கு ஒரு அழுகைப் பொம்மையை அனுப்பினாள். வீட்டில் சொல்லவில்லை. அன்றைக்கே வேறொரு படத்தைப் போட்டாள். அதற்கு நல்ல லைக்.

அதற்குப் பிறகுதான் உப்பு கரைய ஆரம்பித்தது. வாசலுக்கு வெளியே அந்தச் சத்தமும் அன்றிலிருந்துதான். தப், தப். கதவு சாத்தியிருந்தால் அது வெளியிலேயே இருந்தது. அதனால் சாத்தியே வைத்திருந்தாள்.

இன்றைக்குச் சாகுபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

"ஏளா, கதவத் திற. மாப்பிள்ள வீட்டுக்காரவ வந்து தாழ்ப்பாளையா பொண்ணு பாப்பாவ?"

"பெல் அடிக்கட்டும்மா. அப்பத் திறந்துக்கிடலாம்."

"நல்லாருக்கு! வாரவிய மூஞ்சில கதவச் சாத்துத குடும்பம்னு பேசட்டும்."

"சரி, பாயாவது விரிக்காத. எல்லாரும் சோபாவுல இருக்கட்டும்."

"பொம்பளைய எங்க இருப்பாவ? உன் மடியிலயா? போய்ச் சேலையக் கட்டுளா."

முத்துக்கனி இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த பத்தமடைப் பாயைக் கூடத்தில் விரித்தாள். தங்கதுரை வருகிறவர்களுக்கு இனிப்பாக மக்ரூன் வாங்கப் போயிருந்தார். மத்தியான வெயிலில் தெருவே வெள்ளையாகக் கிடந்தது.

உள்ளறையில் ஜெயசெல்வி கொசுவத்தைப் பிடித்தபடி நின்றாள். மின்விசிறி சுற்றியும் காற்று கனத்திருந்தது. ஈரமண்ணும் ஊறிய மரப்பட்டையும் சேர்ந்த வாடை, படியேறி, கூடத்தைக் கடந்து, கதவிடுக்கு வழியாக மெல்ல அறைக்குள் வந்து, அவள் கட்டிக்கொண்டிருந்த பட்டுச்சேலையின் மடிப்புகளில் உட்கார்ந்தது.

"வாங்க, வாங்க மைனி!" கூடத்தில் அம்மாவின் குரல். "தனியாவா வந்திய? மத்தவிய பின்னால வாராவளா?"

பதில் இல்லை.

"பாயிலயே இருங்க, மைனி. யாத்தே, என்னமா வேர்த்திருக்கு! சொட்டுதே. வெயிலு அப்படி."

தரையில் தண்ணீர் விழுகிற சத்தம்.

முத்துக்கனி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோசம். "மாப்பிள்ளைக்குப் பெரியம்மா போல. வாயே திறக்க மாட்டேங்காவ. பெரிய எடத்து ஆளுன்னா அப்படித்தான். காப்பி குடுத்தேன், குங்குமமும் வச்சுவிட்டேன். சீக்கிரம் வா."

அம்மாவின் மோதிர விரலில் குங்குமம் இல்லை. சேறு இருந்தது.

போன் அடித்தது. அப்பா.

"ஏ ஜெயா, அம்மாட்ட சொல்லு. அவிய எல்லாரும் ஆறுமுகநேரி ரயில்வே கேட்டுல நிக்காவளாம். வர நேரமாகும்."

"எல்லாருமாப்பா?"

"எல்லாருந்தான். ஒரே வண்டியில வாராவ."

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

கூடத்தில், தப்.

ஜன்னலில் கம்பி. வெளியே போக அந்தக் கூடம்தான் வழி. அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அம்மாவின் விரல்கள் சில்லென்றிருந்தன.

"எம்மா, வேண்டாம். அது அவிய இல்ல."

"வெக்கத்தப் பாரு. வாளா."

கூடம். வெள்ளை வெயில் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே மழைக்கால இருட்டு. காப்பித் தம்ளரிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பத்தமடைப் பாய் ஊறிக் கறுத்திருந்தது.

உட்கார்ந்திருந்தவள் தலையைத் திருப்பினாள். பிளக்ஸில் வெட்டிப்போட்ட மறுபாதி முகத்தைத்தான் ஜெயசெல்வி முதலில் பார்த்தாள். ஆறு அதில் அதிகம் மிச்சம் வைத்திருக்கவில்லை.

கத்த வாய் திறந்தாள். நாக்கில் சேற்று ருசி.

முத்துக்கனியின் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ. கையெடுத்துக் கும்பிட்டாள். "செல்லமா வளத்துட்டோம், மைனி. இனி அவ உங்க பிள்ள. எப்ப வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க."

லவாய் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டாள். சதை ஊறி வெளுத்த உள்ளங்கை, ஈரப் பாயில்.

தப். தப்.

"கூப்பிடுதாவல்லா," என்று அம்மா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போய்ப் பக்கத்துல உக்காருளா."