சாவியைக் கொடுக்காதே, பாசித்

முகப்பேர் ஹவுசிங் போர்டு பி பிளாக்கில் அன்று மாலை ஒரு கதவு சாத்தப்பட்டது. சாத்தப்பட்டது என்று மரியாதைக்குச் சொல்கிறோம். அந்தச் சத்தத்தில் கீழ்வீட்டுச் சரசா அக்கா ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார் என்று கேள்வி.

சாத்தியது இரண்டாம் மாடி ஜுலைகா. போன மாதம்தான் பதின்மூன்று வயது ஆனது. அதிலிருந்து தனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை சீப்பு உடைந்தது. செவ்வாய்க்கிழமை தோசை வட்டமாக இல்லை என்று அழுகை வந்தது. போயும் போயும் தோசைக்கா அழுகிறோம் என்று நினைத்ததும் இன்னும் கொஞ்சம் வந்தது. புதன்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை, பிளாக்கே ஆச்சரியப்பட்டது.

இன்றைக்கு வியாழன். விஷயமும் கொஞ்சம் பெரியது.

பள்ளி விட்டுப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நல்ல மழை. ஜுலைகாவின் குடை விரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பஸ் ஸ்டாப் கூரைக்கு அடியிலிருந்து காவ்யா கூப்பிட்டாள்.

“ஏட்டி சவமே, நனையாத. இங்க வா.”

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

காவ்யா நாகர்கோவில் பக்கத்துக்காரி. அப்பாவுக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, ஜூன் மாதம்தான் சி பிளாக்குக்குக் குடிவந்தார்கள். வகுப்பில் அவளோடு முதலில் பேசியதே ஜுலைகாதான். அவளா இப்படி? சவம் என்றால் பிணம் அல்லவா? அதுவும் எல்லார் முன்னாலும்.

ஜுலைகா மழையிலேயே விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். அப்புறம்தான் அந்தக் கதவு.

பையைத் திறந்தால் மேலாகவே இருந்தது காவ்யாவின் சமூக அறிவியல் நோட்டு. தன் பையின் ஜிப் அறுந்துவிட்டதால் நனைந்துவிடும் என்று இவளிடம் கொடுத்திருந்தாள். உள்ளே பதினாறு வரைபடங்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தவை. நாளைக்கு மிஸ்ஸிடம் கொடுத்தாக வேண்டும்.

ஜுலைகா நோட்டோடு பால்கனிக்குப் போனாள். கீழே முட்டியளவு மழைத்தண்ணீர். யாருடைய செருப்போ ஒன்று அதில் தனியாகச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தது. கையை வெளியே நீட்டினாள். விரலை விட்டால் போதும்.

சீப்பு ஞாபகம் வந்தது. உடைத்த அடுத்த நிமிடமே அதை ஒட்டப் பசை தேடியவளும் அவள்தான். சீப்பு ஒட்டவில்லை. நோட்டு மட்டும் காய்ந்துவிடுமா?

கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கோபம் மட்டும் இம்மியும் குறையவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் இந்த நோட்டு கையில் இருந்தால் என்ன செய்வோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அம்மா ஜீனத் மருந்துக்கடை வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும். அதுவரை வீட்டில் இருக்கும் ஒரே பெரிய மனிதர் எட்டு வயதுத் தம்பி பாசித்தான். அவன் கையில் சாவியைத் திணித்தாள்.

“அரை மணி நேரம் இத யார் கேட்டாலும் குடுக்காத.”

“யாரு கேக்கப் போறாங்க?”

“நான்தான்.”

பாசித் அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். “அடிச்சா?”

“அடிச்சாலும் குடுக்காத.”

பத்தே நிமிடத்தில் வந்து கேட்டாள். அவன் சாவியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். “இன்னும் இருவது நிமிசம் கீது” என்றான். ஜுலைகா மிரட்டினாள். திட்டினாள். கடைசியில் தன் பங்கு பிஸ்கட்டை நீட்டினாள். பாசித் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டான். சாவி வரவில்லை.

போக இடமில்லாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழ அழக் கோபம் வற்றியது. அடியில் வேறு ஒன்று கிடந்தது. காவ்யாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா? இவ்வளவுதான். இதற்கு நோட்டை எறிந்து என்ன பயன்? அவளிடம் கேட்டால்தானே தெரியும்.

அரை மணி ஆனதும் பாசித் தானே வந்து சாவியை நீட்டினான். அக்கா அடிக்காததில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, தம்பியைச் சரசா அக்காவிடம் விட்டாள். அதற்குள் அக்கா நான்கு கேள்வி கேட்டார். ஐந்தாவது வருவதற்குள் தண்ணீரில் இறங்கி சி பிளாக்குக்கு நடந்தாள்.

கதவைத் தட்டியதும் உள்ளே காவ்யாவின் அம்மா மகளைக் கூப்பிடும் குரல் கேட்டது.

“ஏட்டி சவமே, கதவு தட்டுத சத்தம் கேக்கலியா? யாருன்னு பாரு மக்களே.”

“இந்தா போறேம்மா” என்று காவ்யா பாடாத குறையாகப் பதில் சொன்னாள். தட்டிய கையை இறக்காமல் ஜுலைகா அப்படியே நின்றாள்.

கதவு திறந்தது. “நீ ஏன் அப்படி ஓடுன? வயித்து வலியோன்னு நெனச்சேன்” என்றாள் காவ்யா.

“சவம்னா இன்னா?”

“அதுவா? அம்மா என்னயக் கூப்பிடுதது. கொஞ்சும்போதும் அதான், ஏசும்போதும் அதான்.”

“இங்க சவம்னா பொணம்.”

காவ்யா, “எங்க ஊர்லயும் பொணந்தான். ஆனா கூப்பிடும்போது அது யாருக்கும் ஞாபகம் வராது” என்றாள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது போலும். முகம் வாடிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜுலைகாவுக்கு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “ஒன் நோட்ட தண்ணில போடப் போனேன்.”

காவ்யாவின் முகம் சிவந்தது. பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜுலைகா வாசலிலேயே நின்றாள். தன் கோபத்தைவிட அடுத்தவர் கோபத்துக்குக் காத்திருப்பது கஷ்டமாக இருந்தது. உள்ளே தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினாறு.

காவ்யா திரும்பி வந்தாள்.

“ஏன் போடல்ல?”

“பாசித் சாவி குடுக்கல.”

காவ்யாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. “உள்ள வா. இனி ஒன்ன அப்படிக் கூப்பிட மாட்டேன்.”

“கூப்புடு. ஆனா பஸ் ஸ்டாப்ல வேணாம்.”

காவ்யாவின் அம்மா ஜுலைகாவின் தலைக்குத் துண்டும், அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு தட்டும் கொண்டுவந்தார். மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஜுலைகாவுக்கு உறைத்தது. முதல் கிழங்கை அவர் எடுத்துக் கொடுத்தார். இரண்டாவதை யாரும் சொல்லாமலே அவளே எடுத்துக்கொண்டாள்.