ஆள் மாறி விழுந்த பட்டைப்பொடி

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம்... சங்கிலி கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன டிட்டா திரும்புவதற்குள், தலையில் பொத்தென்று விழுந்தது.

லவங்கப்பட்டைப் பொடி! இமையில், கழுத்தில், மஞ்சள் மழைக்கோட்டின் மடிப்பில்... ஓடன்சே நகரத்து மாலைத் தூறலில் அப்படியே சேறாகக் குழைந்தது.

"இருபத்தஞ்சு ஆச்சு, இன்னும் கல்யாணம் ஆகலையா? வாங்கிக்கோ!"

ஒரு கூட்டமே சூழ்ந்துகொண்டு சிரித்தது. காலிப் பொட்டலத்தோடு முன்னால் வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"ஐயோ... நீங்க ஃப்ரேயா இல்ல!"

"டேய் மால்தே, ஆள் மாறிப்போச்சுடா!" சிரிப்பு இன்னும் பலமானது.

வேறு யாராவது என்றால் திட்டியிருப்பார்கள். இல்லையென்றால் சேர்ந்து சிரித்திருப்பார்கள். டிட்டா அந்தத் தெருவிலேயே இல்லை. மனசுக்குள், பழைய பள்ளியின் உடைமாற்றும் அறையில் நின்றிருந்தாள். 'கானாங்கெளுத்தி வந்துட்டா, மூக்கைப் பொத்துங்க!' எப்போதோ ஒருநாள் மதிய ரொட்டியில் அந்த மீனை வைத்துக் கொண்டுபோனதற்கு, பள்ளி முடியும்வரை அந்தப் பெயர். தலையில் கொட்டிய பவுடர். சுற்றிலும் சிரிப்பு...

"மன்னிச்சிடுங்க. என் மாமா பொண்ணு ஃப்ரேயாவும் இதே மாதிரி மஞ்சக் கோட்டுதான்..." மால்தே தடுமாறினான். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே! "ஆனா, இப்ப உங்ககிட்ட நல்லா வாசம் அடிக்குது!"

வாசம்! சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

அன்றிரவு எத்தனை முறை குளித்தும் பட்டை மணம் போகவில்லை. இருபத்தைந்தில் கல்யாணமாகாத எல்லாருக்கும் இந்த ஊரில் நடக்கிற விளையாட்டுதானே... நான் மட்டும் ஏன் இப்படி? பஸ்ஸில் யாரோ சிரித்தால்கூட என்னைத்தான் என்று திரும்பிப் பார்க்கிறேனே... எப்போதுதான் இது போகும்? அந்த மால்தேயின் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. சே, அதை எதற்கு நினைக்கிறேன்!

மறுநாள் மாலை சைக்கிளைத் தேடிப் போனாள். விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றது. பக்கத்தில், தொப்பலாக நனைந்தபடி அவன்.

"சங்கிலியை மாட்டிட்டேன்."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. சீட்டு நனையாம இருக்க ஒரு பையும் கட்டியிருக்கேன்."

"நீங்க மட்டும் நனையலாமா?"

"நான் துருப்பிடிக்க மாட்டேன்."

சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு சைக்கிளைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம்... பொடி கொட்டினப்ப நீங்க சும்மாதான் நின்னீங்க. வாசம்னு சொன்னதும்தான் முகம் மாறிச்சு. நான் என்ன தப்பா சொன்னேன்?"

போய்விடலாம். மிதித்தால் போதும். இவனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்றது ரோஷம். ஆனால் இதை இதுவரை யாருமே கேட்டதில்லை...

சொன்னாள். மீன், பவுடர், அந்தப் பெயர்... எல்லாம். 'அதெல்லாம் சின்ன வயசு, மறந்துடு' என்று எல்லாரும் சொல்வதை அவன் சொல்லவில்லை. மழையில் நின்று கேட்டான்.

"இன்னொண்ணு... போன மாசம்தான் எனக்கும் இருபத்தஞ்சு ஆச்சு. யாராவது பட்டைப்பொடியோட வந்துடுவாங்களோன்னு கதவைப் பூட்டிக்கிட்டேன். யாருமே வரல. அதுக்கும் உக்காந்து அழுதேன். பைத்தியம் மாதிரி இல்ல?"

"இல்ல." மால்தே தலையை ஆட்டினான். "கொஞ்சம் லேட்டா வந்திருக்கேன். அவ்வளவுதான்."

டிட்டா சைக்கிளை மறுபடி கம்பத்தில் சாய்த்தாள்.

"மிச்சம் இருக்கா?"

கோட்டின் உள்பையைத் துழாவி, கசங்கிய அந்தப் பொட்டலத்தை எடுத்தான். மூலையில் ஒட்டியபடி ஒரு சிட்டிகை இருந்தது.

"பின்னாலேர்ந்து வேண்டாம். முன்னாடி நில்லுங்க. சொல்லிட்டுப் போடுங்க."

"சரி. சொல்றேன்." மால்தே மூச்சை இழுத்துக்கொண்டான். "அடுத்த வருஷம் எனக்கு முப்பது. அப்பவும் கல்யாணம் ஆகலைன்னா மிளகுப்பொடி கொட்டுவாங்க... தும்மியே செத்துடுவேன். நேத்து வரைக்கும் அதைப் பத்திக் கவலைப்படல. உங்களைப் பார்த்ததுலேர்ந்து... நீங்க காப்பாத்துவீங்களான்னு தோணுது."

"இது பொடி போடறதுக்கு முன்னாடி சொல்ற விஷயமா?"

"சொல்லிட்டுப் போடச் சொன்னீங்களே!"

அந்தச் சிட்டிகை அவள் தலையில் மெல்ல உதிர்ந்தது. மூக்கில் பட்டை மணம்... அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"முதல்ல போய்த் தலையைத் துவட்டு," என்றாள். "மிளகை அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் பேச்சிலிருந்து 'நீங்க' போய்விட்டதை அவன் கவனித்தான். கண்கள் மின்னின.

தெருவின் எதிர்ப்பக்கம் யாரோ கலகலவென்று சிரித்தார்கள். டிட்டாவின் கழுத்து வழக்கம்போல் விறைத்தது... ஆனால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.