கோடு விழாத உழவு மிஷின்

வாங்கி வந்து மூன்று நாளாகியும் உழவு மிஷினின் ஆசனம் காயவில்லை.

கச்சான் காற்று அனலாய் அடிக்கிற ஆவணி மாதம் அது. காலையில் அலசிப் போட்ட சாரன், திரும்பிப் பார்ப்பதற்குள் கொடியில் மொறுமொறுத்துக் கிடக்கும். பட்டியில் விழுந்த சாணம் மத்தியானத்துக்குள் வறட்டியாகிவிடும். அப்பேர்ப்பட்ட வெயிலில், ஒரு கிளை நிழல்கூட இல்லாத வெட்டைவெளியில் நின்ற மிஷினின் இரும்பு ஆசனத்தில் மட்டும் தண்ணீர் முத்து முத்தாய்ப் பூத்திருந்தது. ஆதம்பாவா தலைத்துண்டால் துடைத்தார், பிழிந்தார், நாலு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தார். மறுபடியும் ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தபோது உப்புக் கரித்தது. வாவிக் கரையோரத்து அலையாத்தி மரங்களின் கண்ணாக்காட்டுச் சேற்று வாடையும் கூடவே மூக்கில் ஏறியது.

"பழைய சாமான். எங்கயோ ஒழுகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மண்ணெண்ணெயில் ஓடுகிற மிஷின் உப்புத் தண்ணீரை எங்கிருந்து ஒழுக்கும் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வருமே என்ற பயம்தான்.

ஆதம்பாவாவுக்குச் சொந்த ஊர் காத்தான்குடி. அவருடைய மாட்டுப்பட்டி இருந்தது வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையையும் தாண்டி. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த அடுத்த வருஷம் வெக்கை நோய் வந்து பட்டியைத் துடைத்துவிட்டுப் போனது. வாயில் நுரையும் கண்ணில் பீளையுமாக மாடுகள் விழுந்தன. தண்ணீர் வண்டி இழுத்த எருமைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மிஞ்சியவை நாற்பத்தொரு பசுக்கள். முப்பது வருஷம் அவர் பாடுபட்டதற்கு மிச்சம் அவ்வளவுதான். வாவித் தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர்க் குளம் மூன்று மைல் தள்ளி இருந்தது. மெலிந்த பசுக்களை அவ்வளவு தூரம் நடத்தினால் பாதிவழியில் படுத்துவிடும். பீப்பாய்களில் தண்ணீர் இழுத்து வர ஏதாவது ஒன்று கிடைக்காவிட்டால் மழைக்கு முன்பே பட்டி சுத்தமாகப் போய்விடும். அதனால்தான் மிஷின்.

பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. நடுத்தரமான மிஷின், உருளுவதற்குப் பல்லு வைத்த இரும்புச் சில்லுகள். மட்டக்களப்புப் பட்டணத்தில் கிளாறிஸ் நோனாவின் வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டிலில் நின்றது. நோனாவின் புருஷன் மல்கமும் படுவான்கரையில் மாடு வைத்திருந்தவர்தான். நோனா எதையும் ஒளிக்கவில்லை.

"இது ஆத்துக்குள்ள ஒரு கிழமை கிடந்த மிஷின், காக்கா" என்றாள். "பாதையில ஏத்திக்கொண்டு வரக்குள்ள பாதை சரிஞ்சு போயிற்று. மிஷினைச் சங்கிலி போட்டு இழுத்து எடுத்தாங்க. மல்கம் கிடைக்கல்ல."

பாதை என்றால் அந்தப் பக்கத்தில் தோணிகளைப் பிணைத்துப் பலகை போட்ட மிதவை. ஆறு என்று அவர்கள் சொல்கிற வாவியை ஆளும் வண்டியும் கடப்பது அதில்தான்.

"மாடெல்லாம்?"

"அவர் விசிலடிச்சா பின்னால வாற மாடுகள்தானே. அண்டைக்கும் பாதைக்குப் பின்னால நீந்தி வந்ததுகள். அவர் போன இடத்துக்கே போயிற்றுதுகள். ஒண்டும் கரைக்கு வரல்ல."

ஆதம்பாவா திரும்பி நடக்கப் பார்த்தார். ஆனால் அவருடைய பசுக்கள் அந்த நேரம் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டிருந்தன. மிஷினைச் சுற்றி வந்தார். சில்லுக்கு மேலே மூடியிருந்த தகரத்தில் பெயின்ற் கருகி, வளையம் ஒன்று பதிந்திருந்தது. மல்கமின் மாட்டுக் குறி. மனுஷன் விளையாட்டாகத் தன் மிஷினுக்கும் குறி சுட்டிருக்கிறார்.

மாடு கைமாறும்போது விற்கிறவன் தன் கையாலேயே தன் குறிக்குக் குறுக்கே ஒரு கோடு சுட வேண்டும். கோடு விழுந்தால்தான் மாடு வாங்கினவனுடையது. விழாதவரை, எந்தப் பட்டியில் நின்றாலும் அது பழைய ஆளின் உடைமைதான். அக்கரையில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது.

நோனாவும் அதைத்தான் கேட்டாள். "கோடு போட வேணுமே, காக்கா. ஆனா குறிச்சூட்டுக் கோல் அவரோட ஆத்துக்குள்ள போயிற்று."

"இரும்புக்கு என்னத்துக்கு நோனா கோடு? இது என்ன, கயித்தை அறுத்துக்கொண்டு ஓடவா போகுது?" என்று சிரித்தார் ஆதம்பாவா. பாதை புறப்படுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில் சிரித்த சிரிப்பு.

பட்டிக்கு வந்த அன்றே அவர் தன்னுடைய கவட்டைக் குறியைக் காய்ச்சி வளையத்துக்குப் பக்கத்தில் சுட்டார். வைத்த இடத்தில் தகரத்திலிருந்து குபுக்கென்று தண்ணீர் கசிந்தது. சூட்டுக்கோல் சீறி வழுக்கி, அவருடைய இடது மணிக்கட்டில் நுனி பட்டுவிட்டது. இரண்டு கவருள்ள சின்னக் கவட்டை, அச்சு அசலாக.

"நீங்களும் இனிப் பட்டியில ஒரு மாடுதான்" என்று கேலி பண்ணிக்கொண்டே தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள் அவர் மனைவி நபீஸா. அவரும் சிரித்தார். இருவரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

மிஷின் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. முதல் நாள் நாலு பீப்பாய்த் தண்ணீர், இரண்டாம் நாளும் நாலு பீப்பாய். பசுக்கள்தான் சரியில்லை. தொட்டியில் தண்ணீர் தளும்பி நிற்க, அவை குடிக்காமல் மிஷினைச் சுற்றி வட்டமாக நின்றன. ஆசனத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. யாரோ அங்கே உட்கார்ந்திருப்பது போல.

மூன்றாம் நாள் கருக்கலில் ஆதம்பாவா இன்னொன்றையும் கண்டார். காலையில் வேலி மூலையில் நிறுத்திய மிஷின், பட்டி வாசலில் கம்பு போட்டு அடைக்கிற கடப்படிக்கு வந்து நின்றது. அதன் மூஞ்சி வாவிப் பக்கம் திரும்பியிருந்தது. மண்ணில் சில்லுப் பல்லின் தடம் ஈரமாக விழுந்து கிடந்தது. நிலம் சரிவு, உருண்டிருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். நிலம் மறுபக்கம் அல்லவா சரிந்திருந்தது.

"இஞ்சாருங்க" என்றாள் நபீஸா. அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. "இத நோனாக்கிட்டயே திருப்பிக் குடுத்திருவம். எனக்கு நெஞ்செல்லாம் பதறுது."

"குடுத்திட்டு? மாடு தண்ணிக்கு என்ன செய்யிற, புள்ள? நீயும் நானும் குடத்தில சுமக்கிறதா?"

"செத்தாலும் நம்மட மாடாச் சாகட்டும்."

அந்தப் பேச்சு அவரைச் சுட்டது. சுட்டதால்தான் எழுந்தார். நெருப்பு மூட்டி, கோலைச் சிவக்கக் காய்ச்சி, மல்கமின் வளையத்துக்குக் குறுக்கே தானே ஒரு கோடு இழுத்தார். விற்றவன் கையால் விழ வேண்டிய கோடு. அது தெரியாமல் அவர் செய்யவில்லை. வேறு வழி தெரியாமல் செய்தார். பெயின்ற் பொரிந்தது. கோடு விழுந்தது. விளக்கு வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டின் மேல் தண்ணீர் ஊறியது. ஊறி, வழிந்து, வடிந்தது. வளையம் முழுசாக இருந்தது. கோடு இல்லை.

மிஷினைக் கிளப்புகிற கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய்த் தலைமாட்டில் பாய்க்கடியில் வைத்துப் படுத்தார். அந்தக் கைப்பிடி இல்லாமல் எந்தக் கொம்பனாலும் அதைக் கிளப்ப முடியாது. அந்த நினைப்பில் அசந்துவிட்டார்.

சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிற நேரம். கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. தொழுமுன் கைகால் கழுவுகிற உளுவுக்காகச் சிரட்டையில் தண்ணீர் மொண்டவருடைய கை அப்படியே நின்றது.

டுக். டுக். டுக்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பாயைப் புரட்டினார். கைப்பிடி அங்கேதான் கிடந்தது. நனைந்து கிடந்தது.

வெளியே ஓடினார். கடப்படிக் கம்புகள் ஒவ்வொன்றாக உருவி ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, மாட்டுக்காரன் அடுக்குகிற மாதிரி. பட்டிக்குள் ஒரு கன்றுகூட இல்லை. சாண வாடையோடு கருகின மயிரின் வாடையும் கருகின தோலின் வாடையும் காற்றில் கனத்துக் கிடந்தன. மாடு கத்திய சத்தமே கேட்கவில்லையே. நாற்பத்தொரு மாட்டுக்குச் சூடு வைத்தால் ஊரே எழும்புமே.

கரைக்கு ஓடினார். கண்ணா வேர் காலைக் கிழித்தது.

வாவிக்கு மேலே சாம்பல் வெளிச்சம். அதில் பசுக்கள் போய்க்கொண்டிருந்தன, ஒன்றின் பின் ஒன்றாக. அவசரமில்லை. முண்டியடிப்பில்லை. முன்னே போனவை கழுத்தளவில், பின்னே போனவை முழங்காலளவில். மிஷினைக் காணவில்லை. அதன் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது.

"ஹோய்! ஹோய்! திரும்பு!" முப்பது வருஷம் அந்தக் குரலுக்குத் திரும்பிய மாடுகள். ஒன்றும் திரும்பவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. வாய்விட்டு அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கினார். கடைசியாகப் போன செவலையின் வாலை எட்டிப் பிடித்தார். பிள்ளையைப் போல அவர் வளர்த்த பசு அது. அதன் தொடையைப் பார்த்தார்.

கவட்டைக் குறி. அதற்குக் குறுக்கே ஒரு கோடு. பச்சைப் புண். பக்கத்தில் ஒரு வளையம்.

அடுத்ததன் தொடையிலும் கோடு. அதற்கடுத்ததிலும். நாற்பத்தொன்றும் கைமாறியிருந்தன.

மிஷினை வாங்கினபோது அவர் கோடு போடக் கேட்கவில்லை. பிறகு தானே போட்ட கோட்டையும் மிஷின் ஏற்கவில்லை. இப்போது, அவர் செய்தது போலவே, மல்கமும் உடையவனைக் கேட்காமல் கோடு போட்டுவிட்டார். அவருடைய கையிலிருந்து வால் நழுவியது.

"இஞ்சாருங்க!" கரையில் நபீஸா. "விட்டுட்டு வாங்க! மாடு போனாப் போகட்டும், நீங்க வாங்க! அல்லாட பேரால வாங்க!"

வருகிறேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தார்.

அப்போது விசில் கேட்டது. பல்லிடுக்கால் மெதுவாக ஊதுகிற விசில். ஆசையாகக் கூப்பிடுகிற மாதிரி. எட்டத்தில் இல்லை, கிட்டத்தில்.

இடது மணிக்கட்டு எரிந்தது.

கையைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்தார். சின்னக் கவட்டைத் தழும்பு. அதற்குக் குறுக்கே கோடு. விளிம்பில் தோல் இன்னும் சுருண்டுகொண்டிருந்தது. மெல்லப் புகைந்தது. அதற்கு மேலே, முழங்கைப் பக்கம், ஒரு வளையம் சிவந்து சிவந்து எழும்பியது. யாரும் தொடவில்லை.

"திரும்புங்க! இஞ்சால திரும்புங்க!"

திரும்பத்தான் பார்த்தார். கழுத்து திரும்பவில்லை. கால் முன்னே போனது. சேறு இளகி வழிவிட்டது.

இடுப்பு. நெஞ்சு.

முன்னால் போன செவலையின் கொம்புகள் தண்ணீருக்குள் இறங்கின. குமிழி வந்து உடைந்தது. மறுபடியும் விசில்.

வரிசையில் அடுத்தது அவர்.