நீல ஸ்கூட்டரும் நாற்பது நிமிடங்களும்

காலை ஏழு மணிக்கு ஓட்டுநரில்லாத் தானூர்தி வந்து, வடிவாம்பாளையும் அவள் கணவன் குமரகுருவையும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கிளம்பியது. வடிவாம்பாள் கண் விழித்தபோது பாதி வழி வந்தாயிற்று. எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. செவ்வாய்க் கோளின் நான்காம் குவிமாட நகரில் அறுபது ஆண்டுகளாக யாரும் அப்படிக் கேட்டதில்லை. யார், எங்கே, எந்த வழியில் போவது என்பதை நகரமூளை என்ற கணினி முடிவு செய்யும். தானூர்தி கொண்டுபோய் இறக்கிவிடும்.

அன்று விடுமுறை. நகரமூளை அவர்களுக்கு ஒதுக்கியிருந்த இடம் பழைய ஸ்கூட்டர் அருங்காட்சியகம்.

வடிவாம்பாளுக்கு ஒரே கவலைதான். குமரகுருவின் செயற்கை இதயத்துக்கு மறுநாள் புது மின்கலம் பொருத்த வேண்டும்.

"இன்னைக்கே மாத்தியிருந்தா நிம்மதியா சுத்திப் பாக்கலாங்க."

"நாளைக்குன்னு மூளை சொல்லிருச்சுல்ல, விடு வடிவு."

அருங்காட்சியகத்தில் எழுபது ஸ்கூட்டர்கள் நின்றன. எல்லாம் பூமியிலிருந்து வந்தவை. வழிகாட்டி இயந்திரன் விளக்கியது: "சக்கரம் இரண்டுதான். விழாமல் பார்த்துக்கொள்வதும் ஓட்டுபவர் பொறுப்பு, வழியை முடிவு செய்வதும் அவர் பொறுப்பு."

குமரகுரு சிரித்துவிட்டான். "ஆளாளுக்கு ஒரு பக்கம் திரும்பினா?"

"அதற்கு ஹாரன் இருந்தது" என்றது இயந்திரன்.

ஒரு சுவரில் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருவர் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து, சற்று நிறுத்தி, நிமிர்த்தி, பிறகு உதைத்தார். கீழே குறிப்பு: 'புறப்படுமுன் வாகனத்தை வணங்கும் சடங்கு.'

பதினோரு மணிக்குச் சூரியப் புயல் தாக்கியது. நகரமூளை தன்னைக் காத்துக்கொள்ள மூன்று மணி நேரம் அணைந்துகொண்டது. தானூர்திகள் நின்ற இடத்திலேயே நின்றன. குமரகுரு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் மார்பில் சிவப்பு விளக்கு மின்னியது. புயல் மின்கலத்தையும் பதம் பார்த்துவிட்டது. இன்னும் நாற்பது நிமிடம்தான் தாங்கும். மருத்துவமனை பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, குவிமாடத்தின் மறுகோடியில்.

வடிவாம்பாள் இயந்திரனைப் பிடித்து உலுக்கினாள். "இதுல எது ஓடும்?"

"நீல வண்டி. ஆண்டு விழாவில் புகை காட்டுவதற்காக ஒரு லிட்டர் பெட்ரோல் இருக்கிறது. ஆனால் நகரமூளை இல்லாமல் என்னால் அனுமதி தர முடியாது."

"தர வேண்டாம். எப்படி ஓட்டறதுன்னு மட்டும் சொல்லு."

இயந்திரன் சொன்னது. அவள் உதைத்தாள். கிக்கர் அசையவில்லை. பூமியில் அறுபது கிலோ இருந்திருப்பாள், செவ்வாயில் இருபத்துமூன்றுதான். பக்கத்திலிருந்த மேடையில் ஏறிக் கிக்கர்மேல் குதித்தாள். கிக்கர் இறங்கியது, எஞ்சின் முனகி அடங்கியது. நான்கு முறை குதித்தும் அதே கதி.

நிமிடங்கள் கரைந்தன. வேறு வழி தெரியாமல் அவள் படத்தைப் பார்த்தாள். வண்டியைச் சாய்த்தாள், ஐந்து எண்ணினாள், நிமிர்த்தினாள், குதித்தாள். நீலப் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் உறுமியது!

"அது வழிபாடு இல்லையா?" என்றது இயந்திரன், குழம்பிப்போய்.

"கும்பிட்டாத்தான் எடுக்குது போல!"

குமரகுருவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். முதல் திருப்பத்தில் விழுந்தார்கள். இரண்டாவதிலும் விழுந்தார்கள். அவள் முழங்கை கிழிந்தது. மூன்றாவது திருப்பத்தில் உடம்பு தானாகச் சாய்ந்தது, வண்டி அவளோடு சாய்ந்தது. இடப்பக்கம் போகலாமா, வலப்பக்கமா என்று வாழ்க்கையில் முதன்முறையாக அவளே யோசித்தாள். இடப்பக்கம் போனாள். நின்றுபோன தானூர்திகளின் சன்னல்களிலிருந்து மக்கள் எட்டிப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"வடிவு, பறக்கறோம்டி!" என்று கத்தினான், இன்னும் பதினோரு நிமிடமே மிச்சமிருந்த குமரகுரு.

ஆறு நிமிடம் மிச்சமிருந்தபோது மருத்துவமனை வாசலில் இறங்கினார்கள்.

நகரமே அவளைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. எங்களுக்கும் ஸ்கூட்டர் வேண்டும் என்று மக்கள் திரண்டார்கள். விழித்தெழுந்த நகரமூளையால் மறுக்க முடியவில்லை. ஓராண்டில் நாற்பதாயிரம் ஸ்கூட்டர்களை அச்சிட்டுக் கொடுத்தது. அவரவர் வழியை அவரவரே முடிவு செய்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே சந்திப்பில்.

ஒரு நாள் மாலை அந்தச் சந்திப்பில் நெரிசல் முற்றி, ஒரு மணி நேரமாக எதுவும் நகரவில்லை. நகரமூளை ஒலிபெருக்கியில் கேட்டது: "பொறுப்பை நானே திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா?"

"முடியாது!" என்று ஆயிரம் ஹாரன்கள் ஒன்றாக முழங்கின. எல்லோர் முகத்திலும் விடுதலையின் களிப்பு.

அப்போது பின்னால் சைரன் கேட்டது. நோயாளியோடு வந்த ஆம்புலன்ஸுக்குக் கூட்டம் எப்படியோ நெருக்கியடித்து வழிவிட்டது. அது கடந்ததும் வடிவாம்பாள் ஆக்சிலரேட்டரை முறுக்கி அதன் வாலைப் பிடித்தாள். பின்னிருக்கையில் குமரகுரு, "அப்படித்தான், கேப்பு விடாத!" என்று உற்சாகப்படுத்தினான். அவர்களைத் தொடர்ந்து நூறு வண்டிகள் வரிசை கட்டின. அந்த மாலை அந்தச் சாலையில் அவ்வளவு வேகமாகப் போனவர்கள் வேறு யாரும் இல்லை.

ஆம்புலன்ஸில் இருந்த செவிலி இயந்திரன் நகரமூளைக்குச் செய்தி அனுப்பியது: "பின்னால் நூறு பேர் விடாமல் வருகிறார்கள்."

நகரமூளை நெடுநேரம் யோசித்தது. பிறகு தன் நிரந்தர நினைவகத்தில் இப்படிப் பதிந்துகொண்டது: 'நோயாளிக்கு உறவினர்கள் நூறு பேர். மனிதர்கள் பாசக்காரர்கள்.'