குறட்டை நின்ற மதியம்

குறட்டை நின்றுவிட்டது. சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அம்மா துணியைக் கீழே போட்டாள்.

கணவன் இரவு பேருந்து ஓட்டுகிறவன், பகலில்தான் தூங்குவான். அவன் தூங்கும்போது அந்த வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது. திரை போட்ட ஒற்றை அறையில், தைல நெடியும் வியர்வை வாடையும் கலந்து கிடக்கும் இருட்டில், விடுமுறை நாட்களில் மகளும் அவன் பக்கத்தில் படுத்து ரம்பம் அறுப்பதுபோல் குறட்டை விடுவாள். எட்டு வயது, பார்த்தால் ஐந்துகூடச் சொல்ல முடியாது. இன்னும் படுக்கையை நனைக்கிறாள். போன வாரம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பென்சிலால் குத்தியிருக்கிறாள்.

"தொண்டைச் சதையை எடுத்துடுங்கம்மா. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. இப்படியே விட்டா மூளையும் கெடும், இதயமும் கெடும்," என்று டாக்டர் அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டார்.

அதை வந்து சொன்னபோது கணவன் சிரித்தான். "எங்க பரம்பரையே குறட்டைப் பரம்பரை. யாரு செத்தா?"

இன்றைக்காவது அவன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று, தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்தை மகளுக்குக் கூடுதலாகவே ஊற்றியிருந்தாள் அம்மா. பாவி, அவளேதான் ஊற்றினாள்.

அறைக்குள் ஓடினாள். மகளின் வாய் திறந்திருந்தது. கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. விலா எலும்புகள் துருத்தின. காற்று மட்டும் போகவில்லை. உதடு நீலம்.

"கண்ணு... எந்திரிடா..."

உலுக்கினாள். அறைந்தாள். இன்னும் ஓங்கி அறைந்தாள். வாய்க்குள் விரலை விட்டாள்.

பற்கள் மூடிக்கொண்டன.

எலும்பு நொறுங்கியது. கத்தினால் அவன் விழித்துவிடுவான். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் தோன்றியது. மறு கையால் மகளைச் சுவரோடு தள்ளினாள். தலை மோதியது. ஒருமுறை. மறுமுறை. தாடை விடவில்லை. கடைசியில் அவள் கை மட்டும் வந்தது. விரல் வரவில்லை.

மகள் கண் திறந்தாள். எழுந்து உட்கார்ந்து, வாயில் இருந்ததைத் துப்பினாள். 'அம்மா' என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

கணவன் கண்ணைத் திறக்காமலே புரண்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டான். "இன்னைக்குத்தான் புள்ள சத்தமில்லாம தூங்குது," என்றான்.

அவன் தொண்டை சீராக ஏறி இறங்குவதை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரத்தம் வடியும் வாயை அகலத் திறந்து, மெதுவாக, அந்த இடத்தில் வைத்தாள்.